அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியா, மெடிக்கல் கார்டா?

மலேசியாவில், பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி என்னும் அரசு மருத்துவமனையில் பணம் பெரிய கவலையே இல்லை. 60 வயது தாண்டிய குடிமக்களிடம் வெளிநோயாளர் பிரிவில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தைக்கூட வாங்குவதில்லை. பொறுமைதான் வேண்டும்: விடியற்காலையில் நம்பர் சீட்டு, மடியில் ரொட்டிப் பொட்டலம், மருந்து கையில் வர மதியம். மாரடைப்பு என்றால் வரிசை பார்க்க மாட்டார்கள். கண்புரை, முழங்கால் மாதிரி அவசரமில்லாத அறுவைக்குத்தான் காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பைக் காசு கொடுத்துத் தவிர்ப்பதுதான் மெடிக்கல் கார்டு, அதாவது தனியார் மருத்துவமனைச் செலவுக்கான காப்புறுதி. சரி, அப்பாவின் 68 வயதில் புதிதாக எடுக்கலாமா? ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தத்தைப் பெரும்பாலும் காப்புறுதியில் சேர்க்க மாட்டார்கள். சந்தாவோ வயதோடு ஏறும். 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, சந்தா உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடச் சொன்னது. உயர்வை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை.

பழைய கார்டு இருந்தால் விடாதீர்கள். செலவில் ஒரு பங்கை நாமே கட்டும் திட்டத்துக்கு மாறினால் சந்தா குறையும், கேட்டுப் பாருங்கள். அப்பாவிடம் கார்டு இல்லை. சந்தாவுக்குப் போயிருக்கும் பணத்தை மாதாமாதம் ஒதுக்கி, கண்புரையை மட்டும் தனியாரிடம் எடுத்தோம். இப்போது தமிழ்ப் பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். முழங்காலுக்கு இன்னும் வரிசைதான்.