டெங்குப் பக்கம் இருக்கிறது, மெனுவில்தான் தொலைந்துபோனது

திருகோணமலையில் பலருடைய போனில் இருக்கும் தமிழ்ச் சுகாதாரத் தகவல் செயலி ஒன்றைப் பற்றியது இது. பெயர் வேண்டாம், இதே குறை இன்னும் பல செயலிகளிலும் உண்டு.

எழுதியிருக்கும் விஷயத்தில் குறையில்லை. டெங்குப் பக்கத்தையே எடுப்போம். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதிக்க வேண்டும். பரசிற்றமோல் மட்டும்தான் கொடுக்கலாம்; அஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்லோஃபெனாக் கூடாது. காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து. ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவான 2017இல் கிண்ணியா பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இந்த நாலு வரியின் பெறுமதி விளங்கும்.

ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போகிற வழி? மேல் இடது மூலையில் மூன்று கோடு, அதில் ஆறாவதாக ‘நோய்கள்’, பிறகு ‘தொற்று நோய்கள்’, பிறகு அகரவரிசைப் பட்டியல். காசநோய், கொலரா, சின்னம்மை எல்லாம் தள்ளி ‘ட’வுக்கு வர வேண்டும். நாலு தட்டு, இரண்டு இழுப்பு. விரலுக்குப் பக்கத்தில் இருக்கும் அடிப்பட்டையிலோ முகப்பு, செய்தி, காணொளி, கடை, மேலும். ஒரு சுகாதாரச் செயலிக்குக் கடை எதற்கு?

தெருவில் போன் பாவிப்போர் 1,333 பேரைச் செயலி வடிவமைப்பு ஆய்வாளர் ஸ்டீவன் ஹூபர் 2013இல் கவனித்தபோது, திரையைத் தொட்டுப் பாவித்தவர்களில் 49 சதவீதத்தினர் ஒற்றைக் கையில்தான் பிடித்திருந்தார்கள். காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாய்க்கும் மிஞ்சுவது ஒரு கைதான். வலக்கைப் பெருவிரலுக்கு மிகத் தூரமானது அந்த மேல் இடது மூலை.

அதைவிடப் பெரிய பிழை சொல்லில். அந்தத் தாய்க்கு அது டெங்கு என்று தெரியாது, ‘தொற்று நோய்’ என்று அவள் நினைப்பதுமில்லை. அவளுக்குத் தெரிந்த சொல் காய்ச்சல். ‘கடை’யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘காய்ச்சல்’ என்று போட்டால் பாதிச் சிக்கல் தீரும். மாரி மழைக்கு ஏற்ப முகப்பின் மேல் அட்டையை மாற்றலாம். அடிப்பட்டையின் வரிசையை மட்டும் மாற்றக் கூடாது, விரல் பழகிய இடம் அது.

வயதானவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைப்பார்கள். அப்போது ‘அவசர உதவி’ என்பது ‘அவசர…’ என்று வெட்டுப்படுகிறது. உள்ளே 1990ம் 1999ம் ஒரே அளவில் ஒன்றன்கீழ் ஒன்று. முதலாவது அம்புலன்ஸ், மற்றது சுகாதார ஆலோசனை. ‘சுவ செரிய’, ‘சுவசரிய’ என்ற இரண்டின் பெயரும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். 1990 தனியாக, பெரிதாக, சிவப்பில் இருக்க வேண்டும். மனநல இலக்கமான 1926ஐ ‘வாழ்க்கை முறை’க்குள் ஒளித்தவர் யாரோ! மொழி மாற்றும் இடமும் ‘அமைப்புகள்’ அடியில், அதுவும் சிங்களத்தில். ‘தமிழ்’ என்று தமிழ் எழுத்திலேயே முதல் திரையில் இருந்தால் போதும்.

இந்த நிலையில் டெங்குப் பக்கத்துக்குப் பார்வை குறைவு என்று கணக்குக் காட்டினால், அது ஆர்வமில்லாததால் அல்ல. அந்தக் கணக்கை நம்பிப் பக்கத்தையே தூக்கிவிடாதீர்கள்.

திருத்தம் வரும்வரை பாவனையாளர் செய்யக்கூடியது: இதே பக்கம் இணையத்திலும் உண்டு. அண்ட்ராய்டு போனில் குரோமில் திறந்து, மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, முகப்புத் திரையில் சேர்த்துவிடுங்கள். டேட்டா முடிந்தால் அதுவும் திறக்காது, ஆகவே ஆபத்து அறிகுறிப் பகுதியை ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.