உவரிக் கடலுக்கு 50-ஆ, 200-ஆ?

எங்கள் பெரியப்பா கடலின் ஆழத்தைக் கையால் அளந்தவர். ஈயக்குண்டின் அடிக்குழியில் சவக்காரத்தை அழுத்திக் கயிற்றை இறக்குவார். எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம் என்பதைக் கயிறு காட்டும். சவக்காரத்தில் ஒட்டி வந்ததை விரலில் தேய்த்து, மணலா சேறா என்று சொல்லிவிடுவார். இன்று நெல்லைக் கடற்கரையின் உவரியில் புதிதாக ஃபைபர் படகு இறக்குபவர்கள் கேட்பது, ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ சவுண்டரில் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் நல்லதா, 200 நல்லதா என்பதுதான்.

இரண்டுக்கும் வேலை ஒன்றே. படகின் அடியிலுள்ள பீங்கான் வில்லை அதிர்ந்து ஒலியை அனுப்பும். எதிரொலி வரும்வரை காத்திருக்கும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். போய்வர 0.1 நொடி ஆனால் ஆழம் 75 மீட்டர். ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்பினால் உப்புநீர் விழுங்கிவிடும். நம் விஜயநாராயணத்து ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த ரேடியோ அதிர்வெண்ணைக் கையாள்வது அதனால்தான்.

200-இன் ஒலிக்கற்றை குறுகலானது. 20 பாகை விரிவென்றால், 20 மீட்டர் ஆழத்தில் 7 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். அலைநீளம் 7.5 மில்லிமீட்டர்தான் என்பதால் அருகருகே நிற்கும் மீன்களும் புருவம் போன்ற தனித்தனி வளைவுகளாகத் திரையில் விழும். 50-க்கு விரிவு 45 பாகை என்றால், அதே ஆழத்தில் 16 மீட்டருக்கு மேல் பார்க்கும். ஆனால் பார் எனப்படும் கடலடிப் பாறையை ஒட்டிக் கிடக்கும் மீனைத் தரையின் எதிரொலியோடு கலந்து மறைத்துவிடும். தூண்டில்காரருக்கு வேண்டியதே அந்த மீன்தானே!

ஆழ்கடலில் கதை மாறும். உயர் அதிர்வெண்ணைக் கடல்நீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து தெளிவாகத் திரும்பி வருவது 50-தான். காற்றுப்பை இல்லாத சுறாவும் திருக்கையும் இரண்டிலுமே மங்கலாகத்தான் தெரியும்.

கரையோரப் பார்களில் தூண்டில் போடுபவர் யோசிக்காமல் 200 வாங்கலாம். ஆழத்துக்குப் போகிறவருக்கு 50 வேண்டும். பணம் இருந்தால் இரண்டும் சேர்ந்த கருவியே என் தேர்வு.

எதை வாங்கினாலும் வில்லையைப் பொருத்தும் இடத்தைக் கவனியுங்கள். எங்கள் படகில் முதலில் படகைத் தள்ளும் விசிறிக்கு அருகே வைத்துவிட்டோம். காற்றுக்குமிழிகள் ஒலியை மறித்து, திரை முழுக்கப் புள்ளிகளாக இறைந்தது. இரண்டு சாண் தள்ளி வைத்தபிறகு அடித்தரை தெளிவான கோடாக விழுந்தது.