பந்தயம் விட்ட குதிரையின் முதுகும் கைரோப்ராக்டிக் சிகிச்சையும்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனுக்கு அருகே ஒரு லாயத்தில், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனம்) பெண்குதிரை ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவருகிறேன். அவளுடைய முதுகுக்குக் கைரோப்ராக்டிக் சிகிச்சையை, அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தி அசைவை மீட்கும் முறையை, தொடர்ந்து அளித்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை, அதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு கடிக்க வருவதும், இடப்பக்கம் வளைய மறுப்பதும் முதலில் தெரிந்த அறிகுறிகள். முள்ளெலும்புகளின் மேல்முனைகள் ஒன்றையொன்று நெருங்கி உராயும் நோய் தரோபிரெட் குதிரைகளில் அடிக்கடி காணப்படுவது. அதுவும் பெரும்பாலும் சேணம் அமரும் இடத்துக்கு அடியிலேயே வருவது. எனவே முதலில் எக்ஸ்ரே எடுத்து, அந்த நோய் இல்லை என்று தெரிந்த பிறகே, கைரோப்ராக்டிக் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரை அழைத்தோம். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது.

குதிரைக்கு மார்புப் பகுதியில் 18, இடுப்புப் பகுதியில் 6 முள்ளெலும்புகள் உண்டு. மருத்துவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, அசைவு குறைந்த மூட்டில் மட்டும் குறுகிய, விரைவான அழுத்தம் ஒன்றைத் தருவார். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கின் ‘விலகிய எலும்பை’க் கையால் தள்ளி இடத்தில் பொருத்திவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூட்டின் அசைவு கூடுவதும், தசையிறுக்கமும் வலியும் தணிவதுமே இதில் எதிர்பார்க்கத்தக்கவை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெவின் ஹாஸ்லர் பங்கேற்ற ஆய்வுகளில், இச்சிகிச்சைக்குப் பின் குதிரைகளின் முதுகு கூடுதல் அழுத்தத்தை வலியின்றித் தாங்கியது பதிவாகியிருக்கிறது. நான் கண்டதும் அதுவே: ஒரு நாள் ஓய்வுக்குப் பின் இரு பக்கமும் தாராளமாக வளைவாள், ஆனால் சில வாரங்களில் பழைய விறைப்பு திரும்பிவிடும்.

அந்தச் சுழற்சியை உடைத்தது கேரட். குதிரையை நேராக நிறுத்தி, கேரட்டைக் காட்டி அதன் மோவாயை மார்புக்கும், முன்முழங்கால்களின் இடைவெளிக்கும், கணுக்கால் வரைக்கும், பிறகு இரு விலாப்பக்கங்களுக்கும் கொண்டுசென்று, ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தும் பயிற்சி இது. குதிரைகளின் உடலசைவை ஆராயும் ஹிலாரி கிளேட்டன் உள்ளிட்டோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 8 குதிரைகளுக்கு வாரம் 5 நாள் வீதம் 3 மாதங்கள் இதைக் கொடுத்தபோது, முதுகெலும்பை ஒட்டி நின்று மூட்டுகளை நிலைநிறுத்தும் மல்டிஃபிடஸ் தசை பருத்திருந்தது. என் குதிரைக்கும் முதுகின் பள்ளங்கள் மெல்ல நிரம்பின. அதனாலேயே பழைய சேணம் இறுகத் தொடங்க, அதையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது மருத்துவரை, குளிர்கால ஓய்வுக்குப் பின் சவாரி தொடங்கும்போதும், ஒரு பக்கம் விறைப்பதாகத் தோன்றும்போதும் மட்டுமே அழைக்கிறேன்.

வீட்டிலுள்ள டாஷ்ஹுண்ட் (நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட இனம்) நாய்க்கும் கைரோப்ராக்டிக் சிகிச்சை செய்யலாமா என்று அவரிடம் கேட்டேன். அந்த இனத்தில் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டு இளவயதிலேயே கெட்டுப் பிதுங்கும் ஆபத்து அதிகம் என்பதால், முழுப் பரிசோதனை இல்லாமல் முதுகில் கைவைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக எடையைக் குறைக்கவும், சோபாவிலிருந்து குதிக்கவிடாமல் சாய்தளம் வைக்கவும், சமதரையில் தினமும் நடத்தவும் சொன்னார். அந்த மறுப்புக்குப் பிறகுதான் அவர்மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது.