காலி செய்து எடுப்பதா, சாமானோடு எடுப்பதா?

வீட்டை விற்கப் படம் எடுக்கவேண்டும் என்றதும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு எடுத்தால் பளிச்சென்று இருக்கும் என்றார் அண்ணன். சாமான் இருக்கட்டும், ஒதுக்கி வைத்து எடுக்கலாம் என்றேன் நான். மடிப்பாக்கத்தில் அம்மாவின் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் அது. ஒரு அறையைக் காலி செய்தும், மற்றதைச் சாமானோடும் எடுத்துப் பார்த்தோம்.

காலி அறையில் வேலை குறையும் என்று நினைத்தது தப்பு. பீரோவை நகர்த்தியதும் பழைய பெயின்ட் நிறம் அதே அளவுக்குக் கட்டம் கட்டினதுபோலத் தெரிந்தது. கட்டில் இருந்த இடத்துக்கு மேலே, தலை சாய்த்துச் சாய்த்துப் படிந்த எண்ணெய்க் கறை. காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டைகள் வேறு. இதைவிடப் பெரிய குறை, பத்துக்குப் பதினொன்று அறை படத்தில் இன்னும் சுருங்கித் தெரிந்ததுதான். கட்டில் கிடந்தால்தான் அதைச் சுற்றி நடக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பவருக்குப் பிடிபடும். பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் காலி செய்யுங்கள்.

சாமானோடு எடுப்பதில் பாடு முழுக்கச் சமையலறையில்தான். மேடையில் அடுப்பைத் தவிர ஒன்றும் வேண்டாம். மிக்ஸி, எண்ணெய்த் தூக்கு, பிடித்துணி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் எல்லாம் உள்ளே போகட்டும். ஹாலில் கொடித் துணியும் வாசல் செருப்பும் போனாலே பாதி வீடு திறந்துகொள்ளும். குடும்பப் படம், மருந்துச் சீட்டு, பெயர் போட்ட கடிதம் எதுவும் படத்தில் விழக்கூடாது. விளம்பரத்தை யார் யாரோ பார்ப்பார்கள்.

மற்றது இரண்டுக்கும் பொது. ஃபேனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இறக்கை கலங்கலாக விழும். வெள்ளை டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் சேர்ந்து எரிந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகும். அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பது நல்லது. போனை நெஞ்சு உயரத்தில் சாய்க்காமல் பிடியுங்கள். போன் கேமராவில் 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸில் அறை பெரிதாகத் தெரியும், ஓரத்து நாற்காலி இழுபடும். நேரில் வருபவர் வாசலிலேயே முகம் மாறுவார். அது எனக்குச் சம்மதமில்லை.

சாமானோடு எடுத்ததைத்தான் போட்டோம். பூஜை அலமாரியை மட்டும் அம்மா தொடவிடவில்லை. கதவைச் சாத்தி எடுத்தோம்.