ஃபின்லாந்துப் பண்ணை வீடு: 780 யூரோ போய்விட்டது, பணம் அனுப்புமுன் வீட்டு எண்ணைப் பாருங்கள்

780 யூரோ. ஏழு இரவுக்கான முழு வாடகை, முன்கூட்டியே கட்டியது. சனிக்கிழமை மாலை போய் நின்ற இடத்தில் வீடே கிடையாது. ஓட்ஸ் வயலும், வயலோரம் சாய்ந்து கிடந்த பழைய வைக்கோல் கொட்டகையும்தான்.

ஊர் இசோக்யுரோ. மேற்கு ஃபின்லாந்தில் செய்னாயோகிக்கும் வாசாவுக்கும் நடுவே, க்யுரோன்யோகி ஆற்றின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் விவசாய ஊர். 16ஆம் நூற்றாண்டுக் கற்கோயில், அதன் உள்சுவரில் 1560இல் தீட்டிய விவிலிய ஓவியங்கள், 1714இல் ரஷ்யப் படையோடு நாபுவே போர் நடந்த களம், கண்ணுக்கெட்டிய வரை பார்லியும் ஓட்ஸும். ஊர்மேல் ஒரு குறையும் இல்லை. ஏமாற்றியது ஊரல்ல. தனியார் வீடுகளை வாடகைக்கு விளம்பரப்படுத்தும் ஓர் இணையதளமும், அதில் பண்ணைக்காரன் வேடம் போட்ட ஒருவனும்தான்.

நம்பிக்கை எங்கே வந்தது என்று சொல்லியாக வேண்டும். அழகான படத்தைப் பார்த்து வரவில்லை. அவன் அனுப்பிய வீட்டு விதிகளைப் படித்தபோது வந்தது. ஃபின்லாந்தில் கோடை வீடு எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே வாடகை என்றால் பெரும்பாலும் வெறும் வீடு மட்டும்தான். படுக்கை விரிப்பும் துண்டும் நாமே கொண்டுபோக வேண்டும். கிளம்பும் நாளில் நாமே கூட்டித் துடைத்துவிட்டு வர வேண்டும், இல்லையேல் அதற்குத் தனிக் கட்டணம். அவன் இதையெல்லாம் பிசகாமல் எழுதியிருந்தான். இறுதிச் சுத்தம் 90 யூரோ. சவுனா என்ற நீராவிக் குளியலறைக்கு விறகடுப்பு, பிர்ச் மர விறகு கொட்டகையில், முதல் கூடை இலவசம். குடிநீர் முற்றத்துக் கைபம்பில். குளிக்கும் தண்ணீரை வாளியில் சுமந்து வந்து அடுப்போரத் தொட்டியில் ஊற்ற வேண்டும். கழிப்பறை வீட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி, தண்ணீர் இல்லாத வகை. ஒவ்வொரு முறையும் பீட் என்ற சதுப்புநில மக்குத்தூளும் மரத்தூளும் கலந்ததை ஒரு கரண்டி தூவ வேண்டும். சனி மாலை 4 மணிக்கு நுழைவு, அடுத்த சனி நண்பகல் 12க்கு வெளியேற்றம். வெளியூர்க்காரனால் இவ்வளவு நுணுக்கமாக எழுத முடியுமா என்றுதான் தோன்றும். முடியாதுதான். உண்மையான வேறொரு வீட்டின் விதிகளை வரிக்கு வரி எடுத்து ஒட்டியிருக்கிறான்.

பிறகு வந்தது வலை. தளத்தில் 890 யூரோ, தரகு போகிறது, நேராக வங்கிக்கு அனுப்பினால் 780 என்றான். கணக்கு எண் எஃப்ஐ (FI) என்று தொடங்கவில்லை. ஃபின்லாந்துக் கணக்கின் ஐபான், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண், எஃப்ஐ என்ற எழுத்துகளில் தொடங்கும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 18. பணம் அனுப்பும்போது பெறுநர் பெயர் பொருந்தவில்லை என்று வங்கிச் செயலியே எச்சரித்தது. கேட்டதற்கு, "பண்ணைக் கணக்கு மனைவி பெயரில் இருக்கிறது, அவள் ஊர் எஸ்தோனியா" என்று பதில். மக்குத்தூளையும் மரத்தூளையும் சரியாகச் சொன்னவன் கணக்கைப் பற்றியும் சரியாகத்தான் சொல்வான் என்ற எண்ணம். அங்கேதான் 780 யூரோ போனது.

அந்த முகவரியே பொய் என்பதை வீட்டைவிட்டுக் கிளம்பாமலே கண்டுபிடித்திருக்கலாம். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபின்லாந்துக் கிராமப்புறத்தில் வீட்டு எண் வரிசை எண் அல்ல, தூரம். சாலை தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை பத்து மீட்டர் என்பதுதான் எண். 57 என்றால் சுமார் 570 மீட்டர். சாலைத் தொடக்கத்திலிருந்து போகும்போது ஒற்றைப்படை இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். அவசர உதவிக்கு 112ஐ அழைத்தால் வண்டி வந்து சேர இந்த எண் பெரிதும் உதவும். அவன் கொடுத்தது 418. சாலையின் பெயர் உண்மை. 418 என்றால் 4,180 மீட்டர் உள்ளே போக வேண்டும். அந்தச் சாலையோ 2,300 மீட்டரில் வயலில் முடிந்துவிடுகிறது. நில அளவைத் துறையின் கார்த்தாபாய்க்கா வரைபடம் இணையத்தில் இலவசம், தூரம் அளக்கும் கருவியும் அதிலேயே உண்டு. இரண்டு நிமிட வேலை. கைப்பேசி வழிகாட்டியை நம்பாதீர்கள். எண் கிடைக்காவிட்டால் அது ஒன்றும் சொல்லாமல் சாலையின் நடுவில் எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும்.

சாலைமுனையில் இருந்த உண்மையான பண்ணையம்மா படத்தைப் பார்த்ததும் இல்லை என்று தலையாட்டிவிட்டார். அப்படியொரு வீடு அந்தச் சாலையிலேயே கிடையாது. அந்த ஊரில் கடைசி நேரத்தில் அறை தேடுவதும் சுலபமல்ல. செய்னாயோகியோ வாசாவோ போக வேண்டும், எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜூலை நாட்டுக்கே விடுமுறை மாதம், அறை விலை ஏறியிருக்கும். கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். காட்டில் எவரும் நடக்கலாம், ஓரிரு இரவு தங்கலாம் என்ற பொது உரிமை இருப்பது உண்மைதான். ஆனால் அது பயிர் நிற்கும் வயலுக்கும் வீட்டு முற்றத்துக்கும் பொருந்தாது. நெருப்பு மூட்ட நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். இசோக்யுரோவில் ஆற்றோரம் முழுக்க வயலும் முற்றமும்தான்.

அதற்குப் பிறகு நடந்த அலைக்கழிப்பு! "சாவிப் பெட்டி எண் வரும், கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு செய்தி, அதோடு அவன் மறைந்தான். தளத்தில் மூன்று முறை எழுதியும் ஒரே பதில், எழுத்து மாறாமல்: பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை, எனவே எங்களுக்குப் பொறுப்பில்லை. நான்காம் முறை எழுதுவதற்குள் விளம்பரத்தையும் உரையாடலையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள். மோசடிக்காரனுடைய ஆதாரத்தை அழித்துக் கொடுத்தது அவர்கள்தான், இதை எப்படிப் பொறுப்பது? வங்கி சொன்னது: நீங்களே அனுப்பிய பணம், திரும்பக் கேட்டு எழுதுகிறோம், ஆனால் பெறுநர் ஒப்புக்கொண்டால்தான் வரும். திருடனிடம் ஒப்புதல்! நுகர்வோர் ஆலோசனை மையம் வியாபாரிக்கும் நுகர்வோருக்கும் இடையிலான வழக்கை மட்டுமே எடுக்கும், தனியாளுக்கும் தனியாளுக்கும் நடந்ததைத் தொடாது. காவல்துறை இணையப் புகாரை ஏற்று ஓர் எண் தந்திருக்கிறது. அவ்வளவுதான். 780 யூரோவுக்கு ஈடாகக் கையில் இருப்பது அந்த எண் ஒன்றுதான்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு யூரோவும் அனுப்பாதீர்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், அட்டை நிறுவனத்திடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். நிறுவனம் என்று சொல்பவரிடம் வணிக எண் கேளுங்கள்: ஏழு இலக்கம், ஒரு கோடு, ஒரு சரிபார்ப்பு இலக்கம். அரசுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். தனியாள் என்றால் அந்த எண் இருக்காது, அதனாலேயே அவர் திருடர் ஆகிவிட மாட்டார். ஆனால் பணம் போனால் கேட்க ஆளும் இருக்காது. வீட்டு எண்ணைப் பத்தால் பெருக்கி வரைபடத்தில் அளந்து பாருங்கள். உரையாடலையும் விளம்பரத்தையும் அன்றன்றைக்கே படம் பிடித்து வையுங்கள்.

இன்று காலை அதே படங்கள் வேறொரு ஊர்ப் பெயரில் மறுபடி வந்திருக்கின்றன. காவிச் சிவப்பு மரவீடு, வெள்ளைச் சன்னல் சட்டம், இடப்பக்கம் கிணற்றடியில் பழைய ஏற்றம். இந்த முறை கேட்பது 820 யூரோ.