டைகரா, டி-34 ஆ, கிராப்பா? வன்னியில் மாதிரி டாங்கி கட்டப்போகிறவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கம் ‘கம்பனி ஒஃப் ஹீரோஸ்’ என்ற இரண்டாம் உலகப்போர்க் கணினி விளையாட்டை விளையாடும் பெடியள் தங்களுக்குள் ஒரு மாதிரி டாங்கிப் போட்டி வைக்கிறார்கள். விளையாட்டில் வருகிற டாங்கியாக இருக்கவேண்டும், சொந்தக் கையால் கட்டியதாக இருக்கவேண்டும், நாலு பக்கமும் எடுத்த படங்களோடு அந்த டாங்கியைப் பற்றி ஒரு பந்தி எழுதித் தரவேண்டும். இவ்வளவுதான் விதி. எதைக் கட்டலாம் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று பட்டது.

பேச்சில் அடிபடுவது மூன்று பெயர்கள். ஜெர்மன் டைகர், சோவியத் டி-34/85, அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் மிதிவெடி அகற்றும் உருளை பூட்டிய கிராப். 2006 இல் ரெலிக் நிறுவனம் வெளியிட்ட முதல் பாகம் பிரான்சில் ஓமஹா கரையில் தொடங்கி ஃபலேஸ் வரை 1944 நோர்மண்டிச் சண்டையைச் சொல்வது. அதில் டைகரும் உண்டு, ஷெர்மனும் உண்டு. 2013 இல் வந்த இரண்டாம் பாகம் கிழக்கு முனைக்குப் போகிறது, டி-34 அங்கே வரும். ஆகவே மூன்றுமே விதிக்குள் அடங்கும். ஆனையிறவில் ஏ9 வீதியோரம் நிற்கிற, 1991 இல் புலிகள் கொண்டுவந்த கவசமிட்ட புல்டோசரைக் கட்டலாமா என்றும் ஒருவர் கேட்டார். அது விளையாட்டில் இல்லை, அதனால் விதி இடம் தராது. இடம் தந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1991 சண்டையில் இறந்தவர்களின் வீட்டுக்காரர் இரண்டு பக்கத்திலும் இன்னும் இருக்கிறார்கள். பரிசுக்கு வைக்கிற பொருள் இல்லை அது.

சரி, டைகர். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் முதல் ஆசை இதுதான், காரணமும் விளங்குகிறது. 57 தொன் எடை, 88 மில்லிமீட்டர் துப்பாக்கி, விளையாட்டில் ஜெர்மன் பக்கம் தெரிவுசெய்யக்கூடிய பிளிட்ஸ்கிறீக் கோட்பாட்டை எடுத்துக் கடைசிவரை காத்திருந்தால்தான் கையில் கிடைக்கும். வந்து இறங்கியதும் எதிராளியின் முகம் மாறும். மொத்தமே ஏறத்தாழ 1,350 தான் கட்டினார்கள் என்பதால் ஒரு மவுசும் இருக்கிறது. தமியா நிறுவனம் அசலில் 35 இல் ஒரு பங்கு அளவில் (1/35) விற்கும் டைகர் கிட்டில், அதாவது கட்டுவதற்கான பெட்டியில், பாகங்கள் ஒன்றோடொன்று இழையாமல் பொருந்தும், கட்டுவதே ஒரு சுகம்.

கட்டி முடித்த பிறகுதான் சோதனை. டைகரின் நிறம் ஒரு நிறம் இல்லை. அடியில் கடும் மஞ்சள், அதன்மேல் செம்பழுப்பும் ஒலிவ் பச்சையும் படையினரே விசிறி அடித்தது. ஓரங்கள் புகைபோல மங்கிக் கலக்கவேண்டும். அதற்குக் காற்றால் பெயின்ட் விசிறும் எயார்பிரஷ் வேண்டும், அதற்குக் காற்றுத் தரும் கொம்பிரசர் வேண்டும். தூரிகையால் செய்தால் ஓரம் வெட்டினாற்போல நிற்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஹாட்வெயார் கடை ஸ்பிரே டின் மொத்தமாகப் படிந்து சின்னச் சின்ன ஆணித்தலைகளை மூடிவிடும். இதோடு, 1943 இன் பிற்பகுதியில் இருந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஜெர்மன் தொழிற்சாலைகள் டாங்கிமேல் சிம்மரிட் என்ற பசையை வரிவரியாகப் பூசி அனுப்பின. காந்தக் குண்டு ஒட்டாமல் இருப்பதற்கு. நோர்மண்டி டைகர் என்றால் அந்த வரிகள் வேண்டும், இல்லாவிட்டால் நடுவர் கேட்பார். சில்லு? முந்தைய வகையில் ஒரு பக்கத்துக்கு 24, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். எல்லாவற்றின் விளிம்பு ரப்பருக்கும் கறுப்புத் தீட்டவேண்டும். முதல்முறை கட்டுகிற ஒருவர் அங்கேயே களைத்துப்போவார்.

இன்னொன்றும் இருக்கிறது. நோர்மண்டி டைகர்களில் பல, ஹிட்லரின் நாசிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ். பிரிவுகளுடையவை. கிட்டோடு வருகிற சின்ன ஒட்டிகளில் அவற்றின் அடையாளங்களும் இருக்கக்கூடும். எதை ஒட்டுகிறோம் என்று வாசித்துப் பார்க்காமல் அழகுக்கு ஒட்டிவிட்டு, பந்தியில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விடுவது சரியில்லை. டைகர் கட்டுவதாக இருந்தால் அந்தப் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

டி-34/85 இதற்கு நேர் எதிர். ஒரு பக்கத்துக்கு ஐந்து பெரிய சில்லு, சரிவான தட்டைத் தகடுகள், உடம்பு முழுக்க ஒரே பச்சை. தூரிகை போதும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிசாக மூன்று பூச்சுப் பூசினால் வரி விழாது. கோபுரம் மட்டும் கவனிக்கவேண்டிய இடம். அசல் கோபுரம் மண் அச்சில் இரும்பை ஊற்றி வார்த்தது, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். பிளாஸ்டிக் ஒட்டுத்திரவத்தை அதன்மேல் தடவி, இளகியதும் பழைய கட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி எடுத்தால் அந்தச் சொரசொரப்பு அப்படியே வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஸ்வெஸ்டா நிறுவனத்தின் 1/72 கிட்களில் ஒட்டாமலே அழுத்திப் பொருத்துகிற வகையும் உண்டு. ஒட்டுத்திரவம் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் வராது. கனடாவில் இருந்து மாமா கொண்டுவரும் பெட்டியில் கிட் வரும், திரவம் வராது. அந்த நிலையில் இது பெரிய உதவி.

டி-34 க்கு வன்னி தருகிற பெரிய கொடை முருங்கன் மண். உக்ரேனின் கரிசல் மண்ணில் 1944 இளவேனிலில் இந்த டாங்கிகள் புதைந்து புதைந்து போனதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்புக்கு எந்தக் கடைப் பொடியும் முருங்கன் வயல் களிக்கு ஈடில்லை. காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியால் இரண்டு தரம் சலித்து, வெள்ளைப் பசையும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்துச் சில்லுகளுக்கு இடையில் அப்புங்கள். அந்தக் களி காயும்போது சுருங்கி வெடிக்கும் குணம் உடையது, வயலில் கோடையில் பார்க்கிற வெடிப்பு டாங்கிமேலும் வரும். அதனால் ஒரே தடவையில் தடிப்பாக அப்பாமல் மெல்லிசாக இரண்டு மூன்று தரம். ஒரு எச்சரிக்கை: பந்தியில் ‘குர்ஸ்க் போர்க்களம்’ என்று எழுதிவிடாதீர்கள். ரஷ்யாவில் அந்த டாங்கிச் சண்டை தொடங்கியது 1943 யூலையில். 85 மில்லிமீட்டர் துப்பாக்கி பூட்டிய டி-34 போர்முனைக்கு வந்தது 1944 இல். குர்ஸ்க்தான் வேண்டுமென்றால் 76 மில்லிமீட்டர் துப்பாக்கி பூட்டிய டி-34/76 கட்டுங்கள், இரண்டாம் பாகத்தில் அதுவும் உண்டு.

இனி கிராப். என் மனம் இருப்பது இதில்தான், அதை மறைக்கவில்லை.

முதல் பாகத்தில் அமெரிக்கப் பக்கம் விளையாடுகிறவர்கள் ஷெர்மனுக்கு முன்னால் ஒரு சங்கிலி உருளையைப் பூட்டலாம். உருளை சுழன்று நிலத்தை அடிக்கும், மிதிவெடி வெடித்துப் பாதை திறக்கும். பலர் அதைப் பூட்டுவதே இல்லை, அந்த வளத்தை வேறு எதற்காவது செலவழிப்பார்கள். அசல் கிராப் பிரித்தானியருடையது. பேர்சி ஹோபார்ட் தலைமையிலான 79 ஆவது கவசப் பிரிவு இதை வைத்திருந்தது. 1944 யூன் 6 இல் பிரித்தானியரும் கனேடியரும் இறங்கிய கரைகளில் இது முன்னால் போனது. ஓமஹாவில் அமெரிக்கர் இதைப் பயன்படுத்தவில்லை. ஆக, விளையாட்டு சொல்வது ஒன்று, வரலாறு சொல்வது ஒன்று. பந்தி எழுத இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

அதன் வேலைமுறையைப் பாருங்கள். இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு உருளை, அதில் 43 சங்கிலிகள், நுனிகளில் இரும்புக் குண்டு. டாங்கியின் சொந்த எஞ்சினே உருளையையும் சுழற்றும், நிமிடத்துக்கு 142 சுற்று. அடிக்கும்போது டாங்கியின் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர்தான், நடந்து போகிறவரே முந்திவிடுவார். அந்த நேரம் துப்பாக்கியைப் பின்பக்கம் திருப்பிவிடுவார்கள். அடி விழுந்து எழும் தூசியில் சாரதிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. பின்னால் வருகிறவர்களுக்குப் பாதையின் ஓரம் தெரிவதற்குச் சுண்ணப்பொடியைக் கொட்டிக்கொண்டே போகும். வெடித்த இடத்தில் சங்கிலி அறும், அறுந்ததை மாற்றிப் பூட்டவேண்டும்.

இதை வாசிக்கும்போது முகமாலை நினைவுக்கு வராத ஆள் எங்கள் பக்கத்தில் இருக்கமாட்டார். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுக்குப் பின்னால், முகக்கவசத்தோடு முழங்காலில் இருந்து ஒவ்வொரு அங்குலமாக மண்ணைக் கிளறியவர்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர். கண்ணிவெடி அகற்றும் ஹாலோ ட்ரஸ்ட் அமைப்பு 2002 இல் இருந்து இந்த நாட்டில் வேலை செய்கிறது. மாக், டாஷ் போன்ற அமைப்புகளும் உண்டு. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசெம்பரில். போர்க்களத்து கிராபுக்கும் இந்த வேலைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, அதையும் பந்தியில் எழுதவேண்டும். படைக்குத் தேவை ஒரு ஒடுங்கிய பாதை, அதுவும் உடனே. சில வெடிகள் தப்பி நின்றாலும் படை போய்விடும். மக்கள் திரும்பிக் குடியேறி மிளகாய் நடப்போகிற காணியில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. அதனால்தான் கையால் தேடவேண்டி இருந்தது. டைகர் கட்டுகிற ஆள் எந்த ஊரில் இருந்தும் எழுதக்கூடிய பந்தியைத்தான் எழுதுவார். கிராபைப் பற்றி வன்னியில் இருந்து எழுதும் பந்தியை வேறு எவரும் எழுத முடியாது.

வீட்டுப் பக்கமும் யோசியுங்கள். எங்கள் வீடுகளில் டாங்கி என்றால் பெரியவர்களுக்கு விளையாட்டுப் பொருள் இல்லை. மேசையில் ஒரு டைகர் நிற்கிறதைப் பார்த்து எழும்பிப் போகிற அம்மா, அம்மம்மா இருக்கலாம், அவர்களிடம் வாதாடாதீர்கள். கிராப் என்றால், இது என்ன செய்யும் என்று சொல்லிக்காட்ட முடியும். எங்களோடு படித்த ஒரு பெண்ணின் தாய் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனவர். அந்த உருளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, ‘சங்கிலி அடிச்ச நிலத்தைத் திரும்ப ஆர் பாக்கிறது?’ என்று கேட்டார். போட்டி நடுவர் எவரும் அப்படிக் கேட்கப்போவதில்லை.

கட்டுவதில் உள்ள சிரமத்தையும் சொல்லவேண்டும். சாதாரண ஷெர்மன் கிட்டை வாங்கி உருளையை நாங்களே செய்வதுதான் எங்களுக்குச் சரிவரும். 1/35 இல் கட்டி முடித்த டாங்கி உருளையோடு சேர்த்து ஏறத்தாழ 24 சென்ரிமீட்டர் நீளம் வரும். பேனையின் ரீஃபில் குழாய் உருளைக்கு, கைகளுக்கு மெல்லிய பிளாஸ்டிக் மட்டை. சங்கிலிக்கு சந்தையில் விற்கிற ஆக மெல்லிய கவரிங் மாலை, அறுந்ததாகக் கேட்டால் இன்னும் மலிவு. மினுக்கத்தை அடுப்புத் தணலில் காட்டிக் கருக்கிவிட்டு வெட்டுங்கள். 43 துண்டு வெட்டித் துளையிட்டுக் கொழுவுவதற்குப் பொறுமை வேண்டும், வேறு விசேட கருவி வேண்டாம். உண்மையான குறை ஒன்று: கிராப் பெரும்பாலும் எம்4ஏ4 உடம்பில் கட்டப்பட்டது. ஐந்து கார் எஞ்சின்களைச் சேர்த்துப் பூட்டியதால் அந்த உடம்பு மற்ற ஷெர்மன்களைவிட நீளம், ட்ராக்கில் 79 க்குப் பதில் 83 கட்டை. எளிதாகக் கிடைக்கும் கிட்கள் குட்டை உடம்பு. 1/35 இல் அது கண்ணுக்குத் தெரியும், 1/72 இல் வித்தியாசம் சில மில்லிமீட்டர் அளவில் போய்விடும். ஆனால் 1/72 இல் சங்கிலி செய்ய கவரிங் மாலை தடிப்பு, செப்புக் கம்பியை முறுக்கித்தான் செய்யவேண்டும். எனக்கு 1/35 தான் விருப்பம், உடம்பு குட்டை என்பதைப் பந்தியில் நேராக எழுதிவிடலாம்.

அடையாளத்துக்கு வெள்ளை நட்சத்திரம் போட்டால் அமெரிக்கர், பிரித்தானியர் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும், அந்த நட்சத்திரத்தை நோர்மண்டியில் இறங்கிய நேசநாட்டுப் படைகள் எல்லாம் போட்டன. நான் என்றால் 79 ஆவது பிரிவின் தலைகீழ் முக்கோணமும் மாட்டுத்தலையும் சேர்த்துப் போடுவேன். நிறம் ஒரே ஒலிவ், தமியா பெயின்ட்டில் எக்ஸ்எஃப்-62 இலக்கம் கிட்டத்தட்டச் சரி. மண்ணில்தான் கவனம். இரணைமடுச் செம்மண் நோர்மண்டிக்கு மிகவும் சிவப்பு. ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு விறகுச் சாம்பல் கலந்தால் அந்தச் சிவப்பு இறங்கி மங்கிய பழுப்பாகும். முன்பக்கம் முழுக்கத் தூவுங்கள், தூசியில் நின்று வேலை செய்த டாங்கி அல்லவா.

ஆகவே, முதல்முறை கட்டுகிற தம்பிமாருக்கு டி-34, 1/72. எயார்பிரஷ் கையில் இருந்து, கை பழகியவர்கள் டைகர் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு கிட் முடித்த மற்ற எல்லோரும் கிராப் கட்டுங்கள். எதுவானாலும் பெயின்ட் வேலையை மாரி தொடங்குமுன் முடியுங்கள், ஈரக் காற்றில் தின்னர் கலந்த வார்னிஷ் வெளுத்துப்போகும். சோளகம் வீசும் நாளில் முற்றத்தில் வைத்து அடிக்கவும் வேண்டாம், ஈரப் பெயின்ட்டில் ஒட்டுகிற தூசியை எடுக்க ஏலாது. விடிய வெள்ளன, காற்று எழும்புமுன் செய்யுங்கள். கிராபின் சங்கிலிகளை எல்லாப் பூச்சும் காய்ந்த பிறகு கடைசியாகக் கொழுவுங்கள், முதலே கொழுவினால் பெயின்ட் பிடித்து விறைத்து நிற்கும்.