மூன்று சக்கரத்தில் கன்னியாகுமரி வரை: வாடகை ஆட்டோ எப்படி?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை நாங்களே ஓட்டிச் செல்ல, ஒரு நிறுவனத்திடம் ஆட்டோவை வாடகைக்கு எடுத்தோம். கிளட்சும் கியரும் இடக்கைப் பிடியிலேயே அமைந்திருப்பதால், புறப்படுமுன் அவர்கள் பொறுமையாக அளித்த அரைநாள் பயிற்சி பெரிதும் உதவியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, மரக்காணத்து உப்பளங்களில் குவிந்திருந்த உப்பின் வெண்மையும், பாம்பன் பாலத்தில் இருபுறமும் திறந்த வண்டிக்குள் புகுந்த கடற்காற்றும் காரில் ஒருபோதும் கிடைக்காத நெருக்கத்தைத் தந்தன. ஆனால் இராமநாதபுரத்தைக் கடந்ததும் கிளட்ச் கேபிள் அறுந்தபோது, கருவிப் பெட்டியில் மாற்றுக் கேபிள் இல்லை. இவ்வளவு நெடுந்தொலைவுக்கு அனுப்பும் வண்டியில் இது மன்னிக்க முடியாத குறை. வழியில் ஒரு மெக்கானிக் அரைமணி நேரத்தில் சரிசெய்து தந்தார். கன்னியாகுமரியை நெருங்கும்போது காற்றாலைகள் சூழ்ந்த பகுதிகளில் பக்கக்காற்று வண்டியை நன்றாகவே தள்ளும் என்பதால், அங்கே வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்.